விழிப்புக்கு வித்து எது? பொருநைக்கரைத் தத்துவமும் கணினித் தொடக்கமும்

விழிப்பு என்பது விழிக்கும் பொருளின் உள்ளிருந்தே எழுகிறதா, வெளியிலிருந்து வந்து சேர்கிறதா என்னும் வினா இந்தியத் தத்துவ மரபுகள் பலவற்றுக்கும் பொதுவானதே எனினும், பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரையில் அவ்வினாவுக்குத் தனி அழுத்தம் ஒன்று உண்டு. பொதிகையில் தோன்றி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இவ்வாற்றின் கரையூர்களில் பிறந்த ஞானியர் சிலரின் வரலாறுகள், விழிப்பு தாமதமாக வந்த கதைகளாகவே வழங்கிவருகின்றன. திருக்குருகூர் என்னும் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் புளியமரத்தின் அடியில் பேசாமலும் உண்ணாமலும் அமர்ந்திருந்தார் என்று வைணவ மரபு கூறும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை ஊமையாக இருந்து திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்தார் என்று சைவ மரபு கூறும். பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785ஆம் ஆண்டில் மறைந்த சிவஞான முனிவரோ, உயிர் எவ்வாறு அறிவு விளங்கப்பெறுகிறது என்னும் சிக்கலையே தம் சிவஞான மாபாடியத்தில் விரிவாக ஆராய்ந்தவர்.

இவ்வினா இன்று வேறொரு வடிவில், கணினி ஆய்வகங்களில் எழுகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளமே பாஸ் என்பதாகும். அத்திட்டத்துக்குப் பின் லினக்ஸ் என்னும் பெயர் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர் மாணவருக்கும் அறிமுகமாயிற்று. ஒரு நிறுவனத்துக்குப் புதிதாக வந்து இறங்கும் ஐம்பது அல்லது நூறு மடிக்கணினிகளில் ஒவ்வொன்றாக இயங்குதளத்தை நிறுவுவது நாட்கணக்கில் நீளும் வேலையாதலால், முழுவதும் ஆயத்தமான ஒரு வட்டின் நகலை, அதாவது இமேஜை, சர்வரில் வைத்துக்கொண்டு வலைப்பின்னல் வழியாக எல்லாக் கணினிகளிலும் ஒரே வேளையில் எழுதும் முறை கையாளப்படுகிறது. தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான குளோன்ஸில்லாவும், ஃபாக் என்னும் கட்டற்ற மென்பொருளும் இவ்வகைப் பணிக்கென அமைந்தவை. இம்முறையில் புதிய கணினி விழிக்க மறுக்கும்போது நிகழும் பழுதறிதல், மேற்சொன்ன தத்துவ வினாவைத் துலக்கும் ஓர் உரைகல்லாக அமைகிறது. எந்திரத்தின் செயல் எந்தச் சமயக் கொள்கையையும் மெய்ப்பிக்காது. ஆயினும் ஒரு வாதத்தின் அமைப்பு எங்கே வலியது, எங்கே மெலியது என்பதை அது காட்டக்கூடும்.

தன் தோளில் தான் ஏறுதல்

கணினி தொடங்குவதைக் குறிக்கும் ‘பூட்’ என்னும் சொல், தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும் ஆங்கில வழக்கிலிருந்து வந்தது. இயலாத ஒன்றைச் சொல்லும் அவ்வழக்குக்கு இணையாக, எவ்வளவு வல்ல கழைக்கூத்தனும் தன் தோளில் தான் ஏற முடியாது என்னும் உவமை இந்தியத் தருக்க மரபில் வழங்கிவருகிறது. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியவரும் சிவஞான முனிவரே ஆதலால், தருக்க நூலாரின் குற்றப் பாகுபாடுகள் தமிழ்ச் சைவ வாதங்களில் நன்கு பயின்றுவந்துள்ளன. ஒரு பொருள் தன் தோற்றத்துக்குத் தன்னையே சார்ந்திருக்குமாயின் அது ‘தன்னைப் பற்றுதல்’ என்னும் குற்றமாகும். ஒன்றுக்குக் காரணம் மற்றொன்று, அதற்குக் காரணம் வேறொன்று என எல்லையின்றிப் பின்னோக்கிச் செல்லுமாயின் அது ‘முடிவின்றி ஓடுதல்’ என்னும் குற்றமாகும்.

கணினியின் தொடக்கத்தில் இவ்விரு குற்றங்களும் நேரிடக் காத்திருக்கின்றன. லினக்ஸின் கெர்னல் என்பது வன்பொருள்கள் அனைத்தையும் ஆளும் உட்கரு. ஒவ்வொரு வன்பொருளோடும் பேசுவதற்கு அதற்கு டிரைவர் எனப்படும் தனித்தனி இயக்கிகள் தேவை. அவ்வியக்கிகளிற் பல வட்டில் கோப்புகளாகக் கிடக்கின்றன. வட்டைப் படிக்க வேண்டுமாயின் வட்டின் இயக்கி வேண்டும். அவ்வியக்கியோ வட்டின் உள்ளேயே இருக்கிறது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்ட நிலை இது. இச்சிக்கலைத் தீர்க்கவே, கெர்னலோடு கூடவே நினைவகத்தில் ஏற்றப்படும் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் சிறு கோப்புத் தொகுதி அமைக்கப்பட்டது. வழிநடைக்குப் புறப்படுவோன் ஊர் சேரும்வரை உண்பதற்கென மடியில் கட்டிக்கொள்ளும் கட்டுச்சோற்றைப் போன்றது அது. தொடக்கத்துக்கு இன்றியமையாத இயக்கிகளும் சில சிறு நிரல்களும் அதில் பொதிந்திருக்கும். கெர்னல் அதனை நினைவகத்திலேயே அவிழ்த்து, அதையே தன் முதல் உறைவிடமாகவும் முதல் உணவாகவும் கொண்டு, பிறகே உண்மையான வட்டைத் தேடும்.

நம்மாழ்வாரின் சீடராகிய மதுரகவியாழ்வார் அவரிடம் கேட்டதாக மரபு கூறும் முதல் வினா இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. உயிரற்ற ஒன்றன் உள்ளே நுண்ணிய உயிர் ஒன்று தோன்றினால் அதற்கு உணவு எது, இருப்பிடம் எது என்பது அவ்வினாவின் கருத்து. அது தான் தோன்றிய இடத்தையே உணவாகவும் உறைவிடமாகவும் கொள்ளும் என்பது விடையின் கருத்து. சடமாகிய உடலில் புகுந்த உயிர் அவ்வுடல் தரும் நுகர்ச்சியிலேயே தங்கிக் கிடக்கும் என்று உரையாசிரியர் இதனை விளக்குவர். அறிவற்ற சிலிக்கானின் நினைவகத்தில் எழும் கெர்னலும் தொடக்கத்தில் அந்நினைவகத்தில் வைக்கப்பட்டதையே உண்டு அங்கேயே உறைகிறது. கட்டுச்சோற்றில் வைக்கப்படாத ஒன்றை அது வேறெங்கும் தேடிப் பெற இயலாது.

குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும்

வலைப்பின்னல் வழித் தொடக்கம் பி.எக்ஸ்.இ எனப்படும் ஏற்பாட்டின்படி நிகழ்கிறது. இன்டெல் நிறுவனம் அதன் 2.1ஆம் பதிப்பை 1999ஆம் ஆண்டில் வெளியிட்டது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது ஃபர்ம்வேர், அதாவது தாய்ப்பலகையின் சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்ட நிரல். தன் பெயரும் முகவரியும் அறியாத அக்கணினி, வலைப்பின்னலில் உள்ள எல்லோரும் கேட்கும்படி ஓர் அழைப்பை விடுக்கிறது. டி.எச்.சி.பி எனப்படும் இந்நெறியில் நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன: கணினி சர்வரைத் தேடுகிறது, சர்வர் ஒரு முகவரியைத் தர முன்வருகிறது, கணினி அதனை வேண்டுகிறது, சர்வர் அதனை உறுதி செய்கிறது. அம்முகவரியோடு, முதற்கோப்பு எந்தச் சர்வரில் எந்தப் பெயரில் உள்ளது என்னும் செய்தியும் வந்து சேர்கிறது.

அருள் பெறுவதில் உயிரின் பங்கு யாது என்பதில் வைணவருள் வடகலையாரும் தென்கலையாரும் கொண்ட வேறுபாடு இரு உவமைகளால் விளக்கப்படுவதுண்டு. தாயைக் குட்டி இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது குரங்கின் நெறி. தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் என்பது பூனையின் நெறி. தென்கலையாரின் தலையாய ஆசாரியராகிய மணவாள மாமுனிகள் 1370ஆம் ஆண்டில் ஆழ்வார்திருநகரியில் அவதரித்தவர் என்பதால், இவ்விவாதமும் பொருநைக்கரைக்கு உரிமை உடையதே. மேலோட்டமாக நோக்குவார்க்கு வலைப்பின்னல் தொடக்கம் குரங்கின் நெறியாகவே தோன்றும். ஏனெனில் கணினி அழைக்காதவரை சர்வர் முகவரி எதையும் தருவதில்லை. ஆனால் பூனையின் நெறியும் இதே அமைப்பில் உண்டு. உறங்கும் கணினியைச் சர்வரே தட்டி எழுப்பும் ‘வேக்-ஆன்-லேன்’ என்னும் முறையில், அக்கணினியின் வலையட்டைக்குரிய எண்ணைப் பதினாறு முறை அடுக்கிச் சொல்லும் செய்தி ஒன்று அனுப்பப்பட, கேளாமலே கணினி விழிக்கிறது. அப்போதும் ஒன்று மட்டும் தேவைப்படுகிறது. வலையட்டைக்குச் சிறிதளவு மின்சாரம் செல்லுமாறு ஃபர்ம்வேரின் அமைப்பில் இசைவு இருந்தாக வேண்டும். இல்லையேல் எத்தனை முறை பெயர் சொல்லி அழைத்தாலும் பயனில்லை. உயிர் செய்ய வேண்டுவது முயற்சியன்று, அருளை விலக்காமையே என்று தென்கலை ஆசாரியர் கூறும் நுட்பத்துக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு காண்பது அரிது.

இக்கட்டத்தில் எழும் பழுதுகள் பெரும்பாலும் அழைப்பின் மொழி மாறுவதால் வருவன. பழைய பயாஸ் முறைக் கணினிக்கும் புதிய யு.இ.எஃப்.ஐ முறைக் கணினிக்கும் முதற்கோப்பு வெவ்வேறு. கணினி தன் அழைப்பிலேயே தான் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் குறிப்பிடுகிறது. அதனைக் கவனியாமல் எல்லோருக்கும் ஒரே கோப்பைத் தருமாறு அமைக்கப்பட்ட சர்வர், பழைய கணினிகளை எழுப்பிப் புதியவற்றைக் கைவிடும். மாணவனின் பக்குவம் நோக்காது எல்லோருக்கும் ஒரே உபதேசம் செய்யும் ஆசிரியனின் குறை அதுவாகும்.

முதற்கோப்பு வந்த பின்னும் ‘செக்யூர் பூட்’ என்னும் காவல் உண்டு. ஃபர்ம்வேர் ஏற்றுக்கொண்ட கையொப்பம் உடைய முதல் நிரல் அடுத்த நிரலின் கையொப்பத்தைச் சோதிக்கும். அது அதற்கடுத்த கெர்னலின் கையொப்பத்தைச் சோதிக்கும். ஓர் ஆசாரியர் அடுத்தவர் ஒருவருக்கே மறைபொருளை ஒப்புவித்த ‘ஓராண்வழி’ என்னும் வைணவக் குருபரம்பரை முறையை இது ஒத்தது. நிறுவனத்தார் தம் தேவைக்கெனத் தாமே தொகுத்துக்கொண்ட கெர்னல் எவ்வளவு செம்மையானதாயினும், அதற்குக் கையொப்பம் இல்லையாயின் அது மறுக்கப்படும். இங்கே பழுது அறிவில் இல்லை, உரிமையில் இருக்கிறது. கையொப்பமிட்ட கெர்னலைப் பயன்படுத்துவதோ, தம் சாவியை அக்கணினிகளில் முறைப்படி பதிவதோ, இமேஜ் எழுதும் வேளைக்கு மட்டும் காவலைத் தளர்த்தி மீண்டும் இறுக்குவதோ தீர்வாகும்.

சடவாயு

பழுதறிவோரை மிகுதியும் திகைக்கச் செய்யும் கட்டம் இனி வருவது. கணினி முகவரி பெற்றுவிட்டது. கெர்னலும் கட்டுச்சோறும் வலைப்பின்னல் வழியாகவே பழுதின்றி வந்து நினைவகத்தில் அமர்ந்துவிட்டன. கெர்னல் ஓடத் தொடங்குகிறது. உடனே அது, வலைப்பின்னல் அட்டை எதுவும் இக்கணினியில் இல்லை என்று அறிவிக்கிறது. எந்தக் கம்பி வழியாக அது வந்ததோ அந்தக் கம்பியையே அது அறியாது.

இது முரண்பாடு போலத் தோன்றினும் காரணம் தெளிவானது. கெர்னலைக் கொண்டுவந்து சேர்த்தது ஃபர்ம்வேரின் வலை இயக்கி. யு.இ.எஃப்.ஐ கணினிகளில் கெர்னல் ஆட்சியை ஏற்கும் வேளையில் ஃபர்ம்வேரின் தொடக்கச் சேவைகள் அனைத்தும் முடித்துவைக்கப்படுகின்றன. அதன் பின் அவற்றின் வலை இயக்கியோ வட்டு இயக்கியோ கெர்னலுக்குப் பயன்படா. கெர்னல் தன் சொந்த இயக்கியைக் கொண்டு அதே வலையட்டையை மீண்டும் முதலிலிருந்து எழுப்பியாக வேண்டும். கெர்னலின் புதிய பதிப்புகள் ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகின்றன. புதிய வன்பொருளுக்குரிய இயக்கிகள் அவற்றின் வழியே சேர்கின்றன. சர்வரில் சில ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்ட கெர்னல், தனக்குப் பின் பிறந்த வலையட்டையை அறிந்திருக்க வழியில்லை. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் கம்பி பொருத்தும் துளையே இல்லாததால் யு.எஸ்.பி வழியே இணைக்கப்படும் புற அட்டைக்கும் இதே நிலைதான்: ஃபர்ம்வேர் அதனை அறிந்திருக்கும், கட்டுச்சோற்றில் அதன் இயக்கி வைக்கப்பட்டிராது.

கருவிலிருக்கும்போது அறிவோடு இருக்கும் குழந்தையை, பிறக்கும் கணத்தில் சடம் என்னும் வாயு தீண்டுவதால் அது முன்னுணர்வை இழந்து அழத் தொடங்குகிறது என்றும், தம்மைத் தீண்ட வந்த அவ்வாயுவைச் சினந்து விலக்கியதால் நம்மாழ்வார் சடகோபர் எனப் பெயர் பெற்றார் என்றும் வைணவப் பெரியோர் கூறுவர். ஃபர்ம்வேரின் சேவைகள் முடியும் அக்கணம் கெர்னலுக்கு வாய்த்த சடவாயு. பிறப்பிப்பதற்கு உதவிய அறிவு, பிறந்தவனிடம் சேர்வதில்லை.

இந்நிலையைச் சைவ சித்தாந்தத்தின் துணைகொண்டு மேலும் நுணுகி நோக்கலாம். 13ஆம் நூற்றாண்டினராகிய மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் ஆனது. சித்தாந்தத்தின்படி உயிர் ஆணவ மலத்தால் மறைப்புண்டு, கருவி எதுவும் இன்றிக் கிடக்கும் நிலை கேவலம் எனப்படும். மாயையிலிருந்து உடல், கருவி, உலகம், நுகர்ச்சிப் பொருள் என்னும் தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் தரப்பெற்று ஓரளவு அறிவு விளங்கும் நிலை சகலம் எனப்படும். சித்தாந்த ஆசாரியராகிய உமாபதி சிவாசாரியர் மாயைக்கு இரவில் ஏற்றிய விளக்கை உவமை கூறுவார்; கதிரவன் எழும்வரை வழிகாட்டும் அளவுக்கே அதன் ஒளி. மின்சாரம் பாய்ந்தும் இயக்கி பெறாத கெர்னல் கேவலத்தையும், கட்டுச்சோற்றின் கருவிகளைப் பெற்ற கெர்னல் சகலத்தையும் ஒத்திருக்கின்றன. நினைவகத்தில் மட்டும் எழுந்து இமேஜை வட்டில் எழுதி முடித்ததும், கணினி மறுமுறை தொடங்குகையில் அழிந்துபோகும் அத்தற்காலிக லினக்ஸுக்கு விளக்குவமை முற்றும் பொருந்தும்.

சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தை விளக்குங்கால் சித்தாந்திகள் இருவகை உபகாரங்களைப் பிரித்துணர்த்துவர். பொருளை ஒளியில் வைத்துக் காட்டுவது காட்டும் உபகாரம். அவ்வளவில் நில்லாது, காணும் உயிரோடு உடன் நின்று தானும் கண்டு அதனைக் காணச் செய்வது காணும் உபகாரம். கண்ணுக்கு ஒளி மட்டும் இருந்தாற் போதாது, உயிர் அக்கண்ணோடு பொருந்தினாலன்றிக் காட்சி நிகழாது என்பது இதற்குக் கூறப்படும் உவமை. ஃபர்ம்வேர் கெர்னலுக்குச் செய்தது முதல் உபகாரத்தை ஒத்தது: கொண்டுவந்து சேர்த்தது, விலகிற்று. இயக்கி செய்வதோ இரண்டாம் உபகாரத்தை ஒத்தது: கெர்னலோடு ஒன்றி நின்று அதன் பார்வையாகவே ஆகிவிடுகிறது. முதலாவது நிறைவேறியதைக் கண்டு இரண்டாவதும் நிறைவேறியது என்று முடிவு செய்வதே இப்பழுதறிதலில் நேரும் பெரும் பிழை.

கல் விழும் ஓசை

வடதிசையில் இருந்த மதுரகவியார் தெற்கே தோன்றிய ஓர் ஒளியைத் தொடர்ந்து திருக்குருகூர் வந்து சேர்ந்து, அசைவற்று அமர்ந்திருந்தவரைக் கண்டபோது, உடனே தத்துவம் பேசத் தொடங்கவில்லை என்பது கருதத்தக்கது. அவர் முதலில் ஒரு கல்லைக் கீழே போட்டு, இவருக்குச் செவிப்புலன் உண்டா என்று சோதித்தார்; ஓசை கேட்டு நம்மாழ்வார் கண் திறந்த பின்னரே வினாவை எழுப்பினார். அசைவின்மை இறப்பின் அடையாளமா, மௌனத்தின் அடையாளமா என்பதைத் தெளியாமல் மேற்செல்லலாகாது என்னும் ஆய்வு நெறி இச்செயலில் அடங்கியிருக்கிறது.

கெர்னல் ஏறியதும் திரை கறுத்து நின்றுவிடுவது புதிய மடிக்கணினிகளில் அடிக்கடி நேர்வது. இக்கறுப்பு, கெர்னல் இறந்ததாலும் வரலாம். கெர்னல் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, புதிய திரைச்சில்லுக்குரிய இயக்கி மட்டும் தடுமாறுவதாலும் வரலாம். கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்ப்பதே இங்கே போடப்படும் கல். அவ்விசையின் விளக்கு எரிந்து அணையுமாயின் கெர்னல் உயிரோடிருக்கிறது, திரைதான் இருண்டது. அப்போது ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைத் தொடக்கக் கட்டளையில் சேர்த்து, திரையின் பயன்முறையை மாற்றாதிருக்குமாறு கெர்னலுக்கு அறிவுறுத்தலாம். யாரும் அழுத்தாமலே விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின், அது பெரும்பாலும் கெர்னல் மேற்செல்ல வழியின்றி நின்றுவிட்ட ‘பேனிக்’ என்னும் நிலையைக் குறிக்கும். எதுவும் நிகழாவிடின், தொடக்கக் கட்டளையில் வழக்கமாக இடம்பெறும் ‘கொயட்’ என்னும் சொல்லை நீக்கி, கெர்னல் தன் ஒவ்வோர் அடியையும் திரையில் எழுதுமாறு செய்ய வேண்டும். அச்சொல் பயனரின் கண்ணுக்கு அழகிய தொடக்கத்தைத் தருவதற்காகக் கெர்னலின் வாயை அடைத்து வைப்பது. பழுதறிவோனுக்கு அம்மௌனம் பகை.

வேர்க் கோப்பமைப்பை ஏற்ற இயலவில்லை என்று அறிவித்துக் கெர்னல் நின்றுவிடுவதும் பரவலாகக் காணப்படுவது. பெரும்பாலும் கட்டுச்சோறு வந்து சேரவில்லை அல்லது கெட்டுவிட்டது என்பதே அதன் பொருள். எல்லாம் சரியாக நடந்தும் இமேஜ் எழுத வட்டே தென்படாமற் போவதும் உண்டு. இன்டெல் சில்லுகள் கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில் வட்டுகள் வி.எம்.டி எனப்படும் இடைநிலை அமைப்பின் பின்னே மறைந்திருப்பதே அதற்குக் காரணம். அவ்வமைப்புக்குரிய இயக்கி கெர்னலில் இருந்தால் மறைப்பு நீங்கும். இல்லையேல் ஃபர்ம்வேரில் அவ்வமைப்பை அணைத்தாக வேண்டும். பொருள் இல்லாமையும் பொருள் மறைந்திருத்தலும் வேறுவேறு என்பதும், ஆணவம் உயிரின் அறிவை அழிப்பதன்று மறைப்பதே என்பதும் சித்தாந்தம் வலியுறுத்தும் கருத்துகள்; வட்டு இல்லை என்னும் செய்தியைக் கண்டவுடன் வட்டைக் கழற்ற முனைவோர் இவ்வேறுபாட்டை மறந்தவராவர்.

மடை மடையாக

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைமடை வயலுக்கு நீர் வரவில்லையாயின் குறை வயலில் இல்லை, மேலே எங்கோ இருக்கிறது என்பதை அறிந்த நீர்பாய்ச்சி, வாய்க்காலின் கரையேறி மடை மடையாக நடந்து, நீர் நிற்கும் கடைசி இடத்தையும் நீர் இல்லாத முதல் இடத்தையும் காண்பான். குறை அவ்விரண்டுக்கும் இடையே அகப்படும். வலைப்பின்னல் தொடக்கத்திலும் அழைப்பு, முகவரி, முதற்கோப்பு, கையொப்பம், கெர்னல், கட்டுச்சோறு, மீண்டும் முகவரி, வட்டு என மடைகள் வரிசையாக உள்ளன. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிப் பார்ப்பவன் தற்செயலாகப் பழுதை நீக்கக்கூடுமே தவிர அதனை அறிந்தவனாகான்.

தருக்க நூலார் காரணத்தைத் துணிவதற்கு உடன்பாடு, எதிர்மறை என்னும் இருமுகச் சோதனையைக் கூறுவர்: புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது உடன்பாடு, நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்பது எதிர்மறை. அதே கம்பியைப் பழைய மடிக்கணினியில் செருகிப் பார்க்க, அது விழிக்குமாயின் கம்பியும் ஸ்விட்சும் குற்றமற்றவை; சர்வரும் அக்கணினியின் வகைக்கேனும் குற்றமற்றது. புதிய மடிக்கணினியில் வேறொரு புற அட்டையைச் செருகிப் பார்க்க, அது விழிக்குமாயின் முன்னைய அட்டையின் இயக்கியே குறையுடையது. ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நாடி.

இயக்கி இருந்தும் முகவரி கிடைக்காமற் போகும் ஒரு பழுது தனியே கூறத்தக்கது. கெர்னல் தன் இயக்கியால் வலையட்டையை மீண்டும் எழுப்பும்போது இணைப்பு ஒருமுறை அறுந்து மீள்கிறது. வலைப்பின்னலில் சுழற்சி நேராமல் காக்கும் நெறி இயங்கும் ஸ்விட்ச், புதிதாக எழுந்த இணைப்பைப் பதினைந்து நொடி கேட்டும் பதினைந்து நொடி கற்றும் பார்த்த பின்னரே செய்திகளைச் செல்லவிடும். அம்முப்பது நொடிக்குள் கெர்னல் முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடுமாயின், உதவி இருந்தும் உதவி பெறாத நிலை ஏற்படும். இங்கே எந்தப் பொருளிலும் குறை இல்லை. காலம் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மலம் பரிபாகம் அடையும் காலத்திலேயே அருள் பதியும் என்று சித்தாந்தம் கூறுவதற்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை; ஆனால் எந்திரத்தில் அக்காலத்தைக் குறைக்கவும் வழியுண்டு. கணினிகள் மட்டுமே செருகப்படும் துளைகளில் இக்காத்திருப்பைத் தவிர்க்குமாறு ஸ்விட்சை அமைக்கலாம். அல்லது கெர்னலை இன்னும் சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு அமைக்கலாம்.

உவமையின் எல்லை

உவமை எங்கே முறிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சித்தாந்தத்தில் உயிர் அறிவுடைய சித்துப் பொருள்; கருவி இல்லாதபோது அதன் அறிவு விளங்காதே தவிர, அறியும் தன்மை அதற்கு என்றும் உண்டு. கெர்னலோ சடம். அது விழிப்பதாகவும் மறப்பதாகவும் கூறுவன எல்லாம் இலக்கணையே. அது இருளில் நின்றாலும் அதற்குத் துன்பமில்லை, ஒளி பெற்றாலும் இன்பமில்லை. ஆகவே கெர்னலை உயிருக்கு உவமையாக்குவது செயலின் வரிசைக்கு மட்டுமே பொருந்தும், அனுபவத்துக்குப் பொருந்தாது.

நகலெடுத்தல் என்னும் செயலும் அவ்வெல்லையையே காட்டுகிறது. ஒரே இமேஜ் நூறு கணினிகளில் எழுதப்பட்டால், லினக்ஸ் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனியே வழங்கும் ‘மெஷின்-ஐடி’ என்னும் அடையாள எண்ணும் நூறிலும் ஒன்றாகிவிடும். அதனால் ஒரே முகவரிக்காகக் கணினிகள் மோதிக்கொள்வது போன்ற குழப்பங்கள் எழும். எனவே இமேஜை எடுப்பதற்கு முன் அவ்வெண்ணை வெறுமையாக்கிவிட, ஒவ்வொரு கணினியும் தன் முதல் விழிப்பில் தனக்கென ஒன்றைத் தோற்றுவித்துக்கொள்ளும். கணினிகளுக்குத் தனித்தன்மை இவ்வாறு பின்னர் அளிக்கப்படுவது. உயிர்களின் பன்மையோ அநாதியானது என்பது சித்தாந்தம். இவ்விடத்தில் எந்திரம் தத்துவத்துக்குத் துணை நிற்கவில்லை, அதிலிருந்து விலகியே நிற்கிறது.

இவ்வெல்லைக்கு உட்பட்டும் ஒரு முடிவு உறுதிப்படுகிறது. விழிப்பு முழுவதும் உள்ளிருந்தே எழுகிறது என்பார் தன்னைப் பற்றுதல் என்னும் குற்றத்துக்கு ஆளாவர். முழுவதும் வெளியிலிருந்தே வருகிறது என்பார், கொண்டுவந்து சேர்க்கப்பட்ட பின்னும் ஒன்று ஏன் குருடாய் நிற்கிறது என்பதற்கு விடை கூற மாட்டார். வெளியிலிருந்து வரும் உதவி, பெறுவோனுள் கருவியாக மாறி அவனோடு ஒன்றி நிற்கும்போதே விழிப்பு நிறைவுறுகிறது என்னும் சித்தாந்த நிலையே இவ்விரு குற்றங்களுக்கும் தப்புகிறது. பழுதறிவோன் கேட்க வேண்டிய வினாவும் இதுவே: உதவி எந்த மடையில் கருவியாக மாறாமல் நின்றுவிட்டது?

இதிலிருந்து உதவுவோர் கொள்ள வேண்டிய கடமை ஒன்றும் பெறப்படுகிறது. புதிய மடிக்கணினிகள் வந்து இறங்கியதும் நூற்றிலும் ஒருசேர இமேஜை ஏவாமல், அவற்றுள் ஒன்றை எடுத்து அதன் வலையட்டையும் வட்டும் திரையும் கெர்னலுக்குத் தெரிகின்றனவா என்று முதல் மடையிலிருந்து கடைசி மடைவரை பார்த்து, விடுபட்ட இயக்கியைக் கட்டுச்சோற்றில் சேர்த்த பின்னரே மற்றவற்றைத் தொட வேண்டும். மாணவனின் கையில் கணினியைக் கொடுப்பதற்கும் இதுவே பொருந்தும். கொடுத்ததோடு விலகுவது காட்டும் உபகாரம் மட்டுமே, அதனை ஆளும் அறிவு அவனுடையதாகும்வரை உடன் நிற்பதே காணும் உபகாரம்.